கரைக்குத் தொலைவு: நான்

“இங்க ஆள் வருதா?” என்று கேட்டீர்கள். நான் உடனே பதில் சொல்லவில்லை. தப்பாக நினைக்க வேண்டாம், ஐயா. இருக்கையில் ஒரு துண்டு கிடந்தது. துண்டு என்னுடையது அல்ல, நான் ஏறும்போதே கிடந்தது. ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு ஏறாமலே போயிருக்கலாம். ஏறிப் பின்னால் யாரிடமாவது பேசிக்கொண்டு நிற்கலாம். ஆள் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் பஸ் நாகப்பட்டினம் எல்லையைத் தாண்டும்வரை பார்த்துவிட்டு, “உட்காருங்கள்” என்றேன். நீங்கள் துண்டை மடித்துக் கம்பியில் போட்டீர்கள். சிலர் காலால் தள்ளுவார்கள். அதைப் பார்த்துத்தான் உங்களிடம் பேசலாம் என்று தோன்றியது.

நான் பேசுவது எழுதினாற்போல இருக்கும். தமிழ் எம்.ஏ. படித்த குறை. படிப்பு சோறு போடவில்லை என்று முப்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். வலைத்தளம் எழுதுவது தொழில். பெயர் மெய்கண்டன். சிரிக்காதீர்கள், அப்பா வைத்தது.

நான் இறங்க வேண்டியது மணல்துறை. டிக்கெட் வேதாரண்யத்துக்கு. அது ஒரு முன்னெச்சரிக்கை, வேறொன்றும் இல்லை. கண்டக்டர் நான் வாயைத் திறக்குமுன் கிழித்துக் கொடுத்தார், பார்த்தீர்களா? ஆளைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுகிற சாமர்த்தியம் சிலருக்கு உண்டு.

மணல்துறையில் தையல்நாயகி என்று ஓர் அம்மா இருக்கிறார். மீன் ஏலக்கூடத்தில் வேலை. அவர் தினமும் செல்போனில் திறந்து பார்க்கிற ஒரு பக்கம் உண்டு. நான் எழுதிய பக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அது அணைந்துவிடும். அதற்குமுன் அந்த அம்மாவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரே வாக்கியம். எழுவாய், பயனிலை, முடிந்தது. பயனிலை தயாராக இருக்கிறது. எழுவாயில்தான் சிக்கல்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் மணல்துறைப் படகுச் சங்கத்தார் என்னைக் கூப்பிட்டார்கள். நாற்பத்திரண்டு ஃபைபர் படகு. ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி பொருத்தினார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது தன் இருப்பிடத்தைச் சொல்லும். நான் அதைக் கணக்குப் போட்டு, கரைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காட்ட வேண்டும். வீட்டில் இருக்கிற பெண்கள் போனில் பார்த்துக்கொள்வார்கள். படகின் எண், படகின் பெயர், ‘கரைக்குத் தொலைவு’, ஓர் எண். எட்டு, ஐந்து, இரண்டு என்று குறைந்துகொண்டே வந்தால் உலை வைக்கலாம். சுழி வந்தால் படகு கரையில். வரிசை பச்சை நிறமாகிவிடும்.

சுழி என்றால் பூஜ்யம். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். அங்கே ஒருவர் திருத்தினார்: “எங்க ஊர்ல சுழின்னா வேற சார். அதுல உழுந்தா திரும்ப வர மாட்டான். நீங்க சைபர்னே சொல்லுங்க.”

இப்போது ஓர் இலக்கண விஷயம். பயப்பட வேண்டாம், வேளாங்கண்ணி வருவதற்குள் முடித்துவிடுவேன்.

பெட்டி பேசினால் கணக்கு வரும். பேசாவிட்டால்? மழையில் நனைந்தோ, பேட்டரி தீர்ந்தோ, பெட்டி சும்மா இருந்தால்? நான் எழுதுகிற மொழியில் இன்மை இரண்டு வகை. ‘இல்லை’ என்று ஒருவர் சொன்ன இன்மை ஒன்று. யாரும் எதுவுமே சொல்லாத இன்மை இன்னொன்று. முதலாவதை எண்ணாக மாற்று என்றால் சுழி வரும். இரண்டாவதை மாற்று என்றால், ‘இது எண் அல்ல’ என்பதைச் சுருக்கி மூன்று ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டும். NaN.

அதன் குணத்தைக் கேளுங்கள். நீ என்ன வகை என்று அதையே கேட்டால், ‘எண்’ என்று சொல்லும். எண் அல்லாததும் எண் வகைதான். வெள்ளைக்காரன் கிறுக்கன் என்று சிரிக்க வேண்டாம், நம்மவர்கள் செய்யாததா? அல் திணை, அஃறிணை. திணை அல்ல என்று பெயரும் வைத்து, இரண்டாம் திணை என்று உள்ளேயும் சேர்த்துக்கொண்டோம். இன்னொரு குணம், எதனோடு கூட்டினாலும் அதையும் தன்னைப் போலவே ஆக்கிவிடும். நாற்பத்தொரு படகு ஒழுங்காகப் பேசி ஒன்று மட்டும் பேசாவிட்டால், மொத்தக் கூட்டலும் போச்சு. மூன்றாவது குணம்தான் விசேஷம். அது எதற்கும் சமமில்லை. தனக்கே சமமில்லை. கையில் இருப்பது அதுதானா என்று கண்டுபிடிக்க எங்கள் ஆட்களிடம் ஒரு பழைய வழி உண்டு. ‘நீ நீதானா?’ என்று கேட்க வேண்டும். ‘இல்லை’ என்று வந்தால், அதேதான்.

இலக்கணம் முடிந்தது.

மணல்துறைக்காரர்கள் அந்த மூன்று எழுத்தை எப்படிப் படித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? என், ஏ, என். நான்.

கரைக்குத் தொலைவு: நான்.

முதல் மாதம் தினமும் போன். “சார், மூணாம் நம்பரு நான்ங்குது சார். யாரு சார் அது?” விளக்கிச் சொன்னேன். அரை மணி நேரம் விளக்கினேன். “சரி சார், நான்னா பெட்டி மக்கர். அவ்வளவுதான?” என்று போனை வைத்துவிட்டார்கள். பிறகு அது ஊரில் பேச்சாகவே ஆகிவிட்டது. “உன் படகு எங்கடா?” “நான் போட்டுருச்சு மாமா, பெட்டி நனைஞ்சிருக்கும்.” வலை பின்னுகிற வேலைக்கு வராதவன் நான் போட்டுட்டான். பத்திரிகை வைத்தும் கல்யாணத்துக்கு வராத மச்சான் நான் போட்டுட்டான். தன்மை ஒருமைப் பெயரை வராதவனுக்கு வைத்த ஊர் உலகத்திலேயே அது ஒன்றுதான். எனக்கு எரிச்சல். எனக்கு அந்தச் சொல்லின்மேல் முன்பே ஒரு வழக்கு உண்டு. கதவைத் தட்டுகிறார்கள், யாரென்று கேட்கிறோம், ‘நான்தான்’ என்கிறார்கள். அது பதிலா? உலகத்தில் நான் இல்லாதவர் யார்? என் மனைவி கோமளாவிடம்கூடச் சொல்லிப் பார்த்தேன், பெயரைச் சொல் என்று. “முப்பது வருஷமா உங்களோட குடித்தனம் பண்றேன், என் வாசல்ல நின்னு நான் பேரு சொல்லணுமா? ரேஷன் கார்டு காட்டவா?” என்றாள்.

இப்போது தட்டுவதில்லை. சாவி வைத்திருக்கிறாள். அது வேறு காரணம், பிறகு வருகிறேன்.

சங்கத் தலைவர் ரத்தினசபாபதிக்கும் இந்த ‘நான்’ பிடிக்கவில்லை. ஒருநாள் கூப்பிட்டு, “சார், கைப்புள்ளக்காரி ஒருத்தி போனைப் பாக்குறா. அது நான், நான்ங்குது. பேய் பேசுற மாதிரி இருக்கு சார். எடுத்துட்டு சைபர் போட்டுடுங்க, சுத்தமா இருக்கும்” என்றார்.

அவர்தான் சொன்னார். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நானாக எதுவும் செய்யவில்லை.

செய்வது எளிது. கணக்கு முடிகிற இடத்தில் இரண்டு நெட்டைக் கோடு, ஒரு சுழி. ‘இது தேறாவிட்டால் அதை வைத்துக்கொள்’ என்று பொருள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மூங்கில் கழி, அப்புறம் ஒரு வட்டம். அப்போது அது எனக்குக் கோடாகவும் வட்டமாகவும்தான் தெரிந்தது. ஓர் ஐயம் எழுந்தது, இல்லை என்று சொல்லவில்லை. கரைக்கு வந்துவிட்ட படகுக்கும் சுழி, பேச்சற்றுப் போன படகுக்கும் சுழி என்றால் எப்படி? எழுந்த ஐயத்தை முறைப்படி அந்த வரிக்குப் பக்கத்தில் குறிப்பாக எழுதி வைத்தேன். ‘சுழிக்கு இரு பொருள், கவனிக்க.’ இன்றும் இருக்கிறது. காட்டட்டுமா? கவனிக்க வேண்டியது யார் என்று மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

மூன்று மாதம் எல்லோருக்கும் திருப்தி. அப்புறம் கார்த்திகை.

நாகை துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். யாரும் போகக் கூடாது என்று சங்கத்தில் மைக் போட்டுச் சொன்னார்கள். அதற்குமுன்பே போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பதினேழாம் எண், ‘நீலாயதாட்சி.’ தையல்நாயகி அம்மாவின் வீட்டுக்காரர் கலியமூர்த்தியின் படகு. கூடப் போகிற ஆளுக்குக் காய்ச்சல். “வலை கெடக்கு, எடுத்துட்டு ஓடியாந்துடுறேன்” என்று தனியாகப் போயிருந்தார். காலை பதினொன்றரைக்குப் பக்கத்தில் பதினொரு கிலோமீட்டர் என்று காட்டியது. அடுத்த பத்தாவது நிமிடம் சுழி.

பச்சை.

பதினொரு கிலோமீட்டரைப் பத்து நிமிடத்தில் எந்த ஃபைபர் படகும் கடக்காது. அது யாருக்கும் தோன்றவில்லை. நாற்பத்திரண்டு வரிசை மாறி மாறிப் பச்சையாகும்போது யார் நேரம் பார்ப்பார்கள்? மூன்று மணிக்குத் தலைவர் மைக்கில், “நம்ம படகு நாப்பத்திரண்டும் கரை ஏறியாச்சு” என்று அறிவித்தார். கோயிலில் மணி அடித்தார்களாம்.

அந்த அம்மா சோறாக்கி வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போனார். படகு இல்லை. ஆளும் இல்லை. சங்கத்தில் போய்க் கேட்டார். “கம்ப்யூட்டர்ல வந்துட்டாரும்மா. காத்துக்கு வடக்கால ஒதுங்கியிருப்பாரு, பக்கத்து ஊர்ல ஏத்தியிருப்பாரு” என்றார்கள். “வந்த மனுசன் ஒரு போன் பண்ண மாட்டாரா?” என்று கேட்டார். “எங்கயாச்சும் ஊத்திகிட்டுக் கெடப்பாரு, போம்மா” என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். கலியமூர்த்தி குடிக்க மாட்டார். அதுவும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் திரையில் சுழி இருந்ததே. ஆள் குடிக்காதவன் என்பதைவிட அந்தச் சுழியை நம்புவது அன்றைக்குச் சுலபமாக இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தலைவர் எனக்குப் போன் செய்தார். “சார், தையல்நாயகி ஆபீஸ்ல வந்து உக்காந்திருக்கு. புருசன் வரலங்குது. கம்ப்யூட்டர் வந்துட்டாருங்குது. எது சார் சரி?”

நாகப்பட்டினத்தில் என் மேசை முன்னால் உட்கார்ந்தேன். பல்கூடத் துலக்கவில்லை. பதினேழாம் எண்ணின் பழைய வரிகளைப் பார்த்தேன். பதினொன்று நாற்பதிலிருந்து அந்தப் பெட்டி பேசவேயில்லை. ஒரு தடவைகூட. பேசாததற்கெல்லாம் என்னுடைய அந்த வரி சுழி போட்டு, சுழி போட்டு, பச்சை அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. பதினெட்டரை மணி நேரம்.

இரண்டு கோட்டையும் வட்டத்தையும் அழித்தேன். மூன்று முறை விசையைத் தட்டினால் போதும். சேமித்தேன். தலைவரைக் கூப்பிட்டு, “இப்போது பாருங்கள், கரைக்கு வரவில்லை” என்றேன். அதன் பிறகுதான் கடலோரக் காவல் படைக்குச் சொன்னார்கள். அவர்கள் தேடினார்கள், குறை சொல்ல முடியாது. ஒரு தெர்மோகோல் மிதவை கிடைத்தது. அது யாருடையது என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. படகு இல்லை, உடல் இல்லை.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். திரையில் எப்படிக் கரையில் இருப்பதாகக் காட்டியது என்று கேட்டார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன். “கருவிக் கோளாறு” என்றேன். அதிகாரி எழுதிக்கொண்டார். கருவியில் கோளாறு இருந்ததும் உண்மைதானே? பெட்டி பேசவில்லையே. நான் பொய் சொல்லவில்லை. இந்த விவகாரத்தில் ஆரம்பத்திலிருந்து இன்றுவரை ஒரு பொய் சொன்னதில்லை. கவனித்துக்கொண்டே வாருங்கள், இருந்தால் சொல்லுங்கள்.

வேளாங்கண்ணியில் கொஞ்சம் கூட்டம் ஏறும். பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாவே எனக்குப் போன் செய்தார். பதினேழாம் வரிசையை எடுத்துவிடப் போவதாகச் சங்கத்தில் பேச்சு. எடுக்கக் கூடாது, நேரில் வந்து ஒரு நிமிடம் கேட்டுவிட்டுப் போங்கள் என்றார். போனேன். இதே பஸ்தான். நிறுத்தத்துக்கு எதிரே நீலக் கதவு போட்ட வீடு.

தட்டினேன்.

“யாரு?”

சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஊரெல்லாம் அந்தச் சொல்லுக்காகச் சண்டை போட்டவன், அன்றைக்கு ஏதோ நினைப்பில், “நான்” என்றேன்.

உள்ளே பாத்திரம் விழுந்தது. ஓடி வருகிற கால் சத்தம். கதவு திறந்தது. அந்த முகத்தை... வேண்டாம், அதை விவரிக்க எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். அப்புறம்தான், “நீங்களா சார், வாங்க” என்றார். நெற்றியில் பொட்டு இருந்தது.

அதற்குப் பிறகுதான் கோமளாவுக்குச் சாவி செய்து கொடுத்தேன்.

உட்கார வைத்து டீ கொடுத்தார். போனை எடுத்து நீட்டினார். கரைக்குத் தொலைவு: NaN.

“பாருங்க சார். அன்னைக்கு ராத்திரி பூரா சைபர்தான் காட்டுச்சு. கையிலயே வச்சிருந்தேன், கண்ணை மூடல. ஆபீஸ்ல உக்காந்திருக்கேன். காலையில ஆறேகாலு. சைபர் போயி நான்னு வந்துச்சு. என் கண்ணு முன்னால சார். எப்பவும் கதவைத் தட்டிட்டு அப்படித்தான் சொல்லுவாரு. நான்-னு.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? முறைப்படி விளக்கினேன். அம்மா, இது தமிழ் அல்ல, ஆங்கிலச் சுருக்கம். எண் அல்லாத எண். எதிலே கூட்டினாலும் கூட்டலைக் கெடுக்கும். எதற்கும் சமமில்லை, தனக்கே சமமில்லை என்று, சற்றுமுன் உங்களிடம் சொன்னதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அன்றைக்கு ஒரு சிரிப்பு.

“அவரும் அப்படித்தான் சார். எந்தக் கூட்டத்துல சேத்தாலும் கெடுத்துட்டு வந்துருவாரு. நேத்துச் சொன்னத இன்னைக்குக் கேட்டா, நானா சொன்னேன்பாரு.”

அப்புறம் சிரிப்பை நிறுத்திக் கேட்டார். “அதெல்லாம் இருக்கட்டும். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ராத்திரி பூரா சைபர் காட்டுனது, காலையில ஆறேகாலுக்கு ஏன் சார் மாறுச்சு? தானா மாறுமா?”

ஐயா, நான் என் தொழிலில் தவறான தகவல் தருவதில்லை. தானாக மாறாது. யாராவது மாற்றினால்தான் மாறும்.

“தானாக மாறாதம்மா” என்றேன்.

அந்த அம்மா போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அதான் சார் நானும் சொன்னேன். ஒருத்தரும் நம்பல. யாரோ மாத்துனாதான மாறும். நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லிட்டீங்க.”

நான் சொன்னதில் பிழை எங்கே? ஒரு சொல் பிழை இருந்தால் காட்டுங்கள். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சங்கத்தில் சொல்லி அந்த வரிசையை எடுக்காமல் பார்த்துக்கொண்டேன்.

அது நடந்து ஐந்து வருஷம். அந்தக் கதவை அதற்குப் பிறகு நான் தட்டவில்லை.

தளத்துக்கு யார் எப்போது வந்தார்கள் என்பது ஒரு பதிவேட்டில் விழும். போன வருஷம் அரசாங்கம் புதுக் கருவி கொடுத்தது, படகுக்காரர்கள் எல்லாம் அதற்குப் போய்விட்டார்கள். என் தளத்துக்கு ஒருவரும் வருவதில்லை. இரண்டு பேரைத் தவிர. தினமும் காலை ஆறு பதினைந்துக்கு மணல்துறையிலிருந்து ஒருவர் பதினேழாம் பக்கத்தைத் திறக்கிறார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூடுகிறார். ஆறு பதினாறுக்கு நாகப்பட்டினத்திலிருந்து இன்னொருவர் திறக்கிறார். அந்த இரண்டாவது ஆள் எதற்காகத் திறக்கிறான் என்று என்னைக் கேட்காதீர்கள். பழுது ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

சில நாள் அப்படித் திறக்கும்போது எனக்கு ஒரு பயம் வரும். அந்த இடத்தில் ஓர் எண் இருந்துவிட்டால்? ஒன்பது, ஆறு, மூன்று என்று ஏதோ ஓர் எண். பெட்டியின் பேட்டரி பதினைந்து நாளுக்கு மேல் தாங்காது, எனக்குத் தெரியும். தெரிந்தும் திறப்பதற்குமுன் விரல் நிற்கும். திறந்தால் அதே சொல். அப்பாடா என்று இருக்கும். அதற்கடுத்த நொடி அப்பாடா என்றதற்காக இன்னொன்று வரும். அதற்குப் பெயர் தெரியவில்லை. தமிழ் எம்.ஏ.

போன வாரம் மறுபடி போன். “சார், பக்கத்தையே மூடப் போறாங்களாமே. எங்க கொழுந்தனாரு வர்ற அமாவாசையில கடல்ல காரியம் பண்ணிடணும்ங்கிறாரு. அஞ்சு வருசம் ஆச்சு, எத்தன நாளு பொட்டோட நிப்பேன்னு கேக்குறாரு. அவரு கேக்குறதும் நியாயந்தான். ஆனா இவரு நான் இருக்கேன்னு தெனம் சொல்லிகிட்டு இருக்கையில, இவர கேக்காம எப்படி சார் நான் அழிப்பேன்? மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டுடுறேன் சார். வச்சுக்கவா, அழிச்சிடவான்னு. இங்கேருந்து அங்க எழுத வழி இருக்கா?”

“வழி இருக்கிறதம்மா” என்றேன். வழி இருக்கத்தான் செய்கிறது.

“பதிலு வருமா சார்?”

இதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டேன். அந்த மௌனத்தை அந்த அம்மா என்னவாக மாற்றிக்கொண்டாரோ தெரியாது.

இதோ பாருங்கள் என் போனை. தயாராக வைத்திருக்கிறேன். ‘கரைக்குத் தொலைவு’ என்று இருக்கிறதல்லவா, அதற்கு எதிரே என்ன சொல்லை எழுதிச் சேமித்தாலும் அந்த அம்மாவின் போனில் அப்படியே தெரியும். இரண்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, ‘அழி.’ இன்னொன்று, ‘வேண்டாம்.’ எதைத் தொட்டாலும் கேட்டுக்கொள்வார். ‘அழி’ என்று தொட்டால் அமாவாசையோடு முடியும், நிம்மதியாகக்கூட இருப்பார். யோசித்துப் பார்த்தேன். நல்ல காரியம்தானே? ஒரு சொல், அதுவும் ஏவல் வினை, எழுவாய்கூட வேண்டியதில்லை. தொட்டுவிட்டு இப்படியே வேதாரண்யம் போய், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம்.

ஆனால் அது பொய்யாகிவிடும், பாருங்கள். முதல் பொய். இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்தது.

அதனால்தான் நேரில் சொல்லலாம் என்று கிளம்பினேன். ‘அன்றைக்குக் காலை ஆறேகாலுக்கு மாற்றியது’, இதுவரை சரளமாக வருகிறது. குளிக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். மாற்றியது, மாற்றியது, மாற்றியது, அதற்குப் பிறகு ஒரு சொல் வேண்டும். ‘சங்கத் தலைவர் சொல்லி’ என்று போட்டால் வாக்கியம் சரியாகத்தான் நிற்கிறது. ‘நிரலில் ஒரு மாற்றம்’ என்று போட்டாலும் நிற்கிறது. செயப்பாட்டு வினை போலச் சௌகரியம் எதுவும் இல்லை, ஐயா. ‘மாற்றப்பட்டது.’ யாரால் என்று கேட்காது. ஆனால் அந்த அம்மா கேட்பார். யாரு சார் மாத்துனது என்று கேட்பார். ஐந்து வருஷமாக அந்தத் திரையில் அதற்குப் பதில் எழுதித்தான் இருக்கிறது. மூன்று எழுத்து. அவர் சரியாகத்தான் படித்தார். ஆளைத்தான் மாற்றி நினைத்துக்கொண்டார்.

சில நாள் காலையில் என்னையே சோதித்துப் பார்ப்பதுண்டு. அந்தப் பழைய வழிதான். கண்ணாடிமுன் நின்று, ‘அழித்தது நீதானே? போட்டதும் நீதானே?’ என்று கேட்பேன். தலைவர் சொன்னார், பெட்டி நனைந்தது, குறிப்பு எழுதி வைத்தேன் என்றெல்லாம் உள்ளேயிருந்து வருமே ஒழிய, ஆமாம் என்று வராது. நீ நீதானா? இல்லை. அப்படியானால் அதேதான்.

கண்டக்டர் வருகிறார், இருங்கள்.

என்ன? இல்லை இல்லை, அவர் விளையாட்டாகச் சொல்கிறார். “சார் வாராவாரம் வெள்ளிக்கிழமை வர்றாருங்க. வேதாரண்யம் போயிட்டு, எறங்காம இதே வண்டியில திரும்பிருவாரு. மணல்துறையில டீ குடிக்கக்கூட எறங்க மாட்டாரு.” கேட்டீர்களா? வாராவாரம் என்பது மிகை. ஆடி மாதம் இரண்டு வாரம் வரவில்லை. அந்தக் கதவைத் தட்டவில்லை என்றுதான் உங்களிடம் சொன்னேன். இந்தப் பஸ்ஸில் ஏறவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் இது கடைசி வெள்ளி. ஞாயிற்றுக்குப் பிறகு அங்கே ஒன்றும் இருக்காது. ‘நான்’கூட இருக்காது. வெறும் வெள்ளை. வெள்ளையை அந்த அம்மா எப்படிப் படிப்பார் என்று எண்ணினால்...

ஊருக்குள் திரும்பிவிட்டது. உப்புக் காற்று தெரிகிறதா? இங்கே டிரைவரும் கண்டக்டரும் டீ குடிப்பார்கள். ஐந்து நிமிடம் நிற்கும். அதோ, கடைக்கு எதிரே, நீலம். கதவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அதே நீலம்.

சரி. இறங்குகிறேன்.

போனை நீங்கள் வைத்திருங்கள். என் கையில் இருந்தால் விரல் ஏதாவது செய்யும். எதையும் தொட்டுவிடாதீர்கள், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை, இவ்வளவு தூரம் வந்தும். மன்னிக்க வேண்டும். வந்து கேட்கிறேன்.

ஓர் உதவி செய்யுங்கள். ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். நான் தெருவைக் கடந்து அந்தப் படியில் நிற்பேன். தட்டிவிட்டால் ஒன்றும் வேண்டாம், உள்ளேயிருந்து அந்த அம்மாவே கேட்டுவிடுவார். தட்டாமல் நின்றுகொண்டே இருந்தால், நின்றுவிட்டுத் திரும்பப் பஸ்ஸைப் பார்த்தால், இங்கிருந்தே சத்தமாக ஒரு குரல் கொடுங்கள். “யாருய்யா அது?” என்று. அது போதும். யாராவது கேட்டால்தான் அந்தச் சொல் என் வாயில் வரும்.